சிட்டா ஒருவர் பெயரில், சேறு இன்னொருவர் காலில்

காரிஃப் பருவத்தையொட்டி டெல்லியிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வருகிறது. 2025-26க்கு வந்த அட்டவணையில் சாதாரண ரக நெல்லுக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஒரு குவிண்டால் விளைவிக்க ஆகும் செலவு 1,579 ரூபாய். குறைந்தபட்ச ஆதரவு விலை 2,369 ரூபாய். முதல் எண்ணை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டாவது எண் வந்துவிடும். செலவுக்கு மேல் பாதி லாபம் தருவோம் என்று 2018 பட்ஜெட்டில் சொன்னோம், தந்துவிட்டோம் என்கிறது மத்திய அரசு. விவசாயச் சங்கங்கள் ஏற்கவில்லை. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பையும் போட்ட முதலுக்கான வட்டியையும் சேர்க்கும் ‘சி2’ கணக்குப்படி 3,135 ரூபாய் வந்திருக்க வேண்டும் என்கின்றன. குவிண்டாலுக்கு 766 ரூபாய் வித்தியாசம் சின்னத் தொகை அல்ல. சண்டை நியாயமானதுதான். ஆனால், இரு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 1,579 ரூபாய் யாருடைய செலவு?

அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்தால் பதில் கிடைப்பதுபோலத் தெரியும். ஆள்கூலி, மாட்டுக்கூலி, இயந்திர வாடகை, விதை, உரம், பாசனக் கட்டணம் என்ற வரிசையில் குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குக் கொடுத்த வாடகையும் இருக்கிறது. அப்படியென்றால் குத்தகை விவசாயியின் செலவும் கணக்கில் வந்துவிட்டதல்லவா? வந்தது, வந்த வேகத்தில் கரைந்தும் போனது.

எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பத்துப் பேரின் செலவை எடுக்கிறார்கள். ஒன்பது பேர் சொந்த நிலத்தில் பயிரிடுகிறார்கள், ஒருவர் மட்டும் குத்தகைக்காரர். ஏக்கருக்குப் பத்து மூட்டை அளக்கிறார். பத்துப் பேருக்கும் சராசரி போட்டால் குத்தகைச் செலவு ஆளுக்கு ஒரு மூட்டை என்று வரும். ஒன்பது பேர் கொடுக்காத ஒரு மூட்டை அவர்கள் கணக்கில் ஏறுகிறது. பத்து மூட்டை அளந்தவரின் கணக்கிலிருந்து ஒன்பது மூட்டை மறைகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது என்பார்கள். இப்போது அரசாங்கமே கணக்குப் பார்க்கிறது, அதில் உழுதவன்தான் மிஞ்சவில்லை.

இதில் களப்பணியாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாகுபடிச் செலவை ஆராயும் விரிவான திட்டம் 1970-71இலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துடையது. தேர்ந்தெடுத்த ஊர்களில் சிறியதும் பெரியதுமான சாகுபடிகளைப் பிரித்து எடுத்து, நடவுக்கு எத்தனை ஆள், களைக்கு எத்தனை ஆள், அறுப்பு மிஷினுக்கு எத்தனை மணி நேரம் என்று வரவு செலவைத் தொடர்ந்து பதிகிறார்கள். இவ்வளவு நுணுக்கமாகவும் இவ்வளவு நீண்ட காலமாகவும் இந்த வேலையைச் செய்துவரும் நாடுகள் அதிகம் இல்லை. ஆனால் இத்தனை நுணுக்கமும் விலை அறிவிப்பில் ஒற்றை எண்ணாகச் சுருங்குகிறது. சொந்தக்காரருக்கு ஒரு வரி, குத்தகைக்காரருக்கு ஒரு வரி என்று அட்டவணையை இரண்டாக அச்சிடுவதில் என்ன கஷ்டம் என்பது நமக்கு விளங்கவில்லை.

குத்தகைக்காரர்கள் ஏதோ விதிவிலக்கான ஒரு சிலர் அல்ல. 2018-19 வேளாண் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் 17.3 சதவீதம் குத்தகைக்கு எடுத்தவை. வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும் குத்தகைகளில் எத்தனை இந்த எண்ணுக்குள் வந்தன என்பது வேறு கேள்வி. காவிரிப் படுகையில் கோயில் நிலம், மடத்து நிலம், சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டவரின் நிலம் என்று பல வகை உண்டு. பல இடங்களில் தாளில் ஒரு கையெழுத்துகூடக் கிடையாது. “இந்த வருஷம் நீயே பார்த்துக்க” என்பதுதான் பத்திரம்.

அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கே போக முடியும்? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் அதற்குரிய சான்றைக் கேட்டு நிலக்காரரிடம் போய் நின்றால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்குமா என்பது அவருக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கானது. உழும் குடும்பத்துக்கானது அல்ல. மழை பெய்து, நெல் ஈரமாகி, 17 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது என்று நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டுக் காத்துக்கிடப்பவரும் அவர்தான். பதிவு நிலக்காரர் பெயரில் என்றால் பணமும் நிலக்காரரின் வங்கிக் கணக்கில்தான் விழும். 2025-26 பருவத்தில் மாநில அரசு தன் பங்குக்குச் சாதாரண ரகத்துக்கு 131, சன்ன ரகத்துக்கு 156 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500, 2,545 ரூபாய் என்று ஆக்கியது. நல்ல காரியம். அந்த 131 ரூபாய் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் யாராவது ஆராய்ந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் பணி நடக்கிறது. அதுவும் நில ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டது. நாளை ஒவ்வொரு சலுகையும் அந்த எண்ணின் வழியே வரும் என்றால், இதுவரை அலுவலகத்துக்கு அலுவலகம் மறுக்கப்பட்டவர் இனி ஒரே இடத்தில் மொத்தமாக மறுக்கப்படுவார்.

இந்த மண்ணில் யார் உழுகிறார் என்று கேட்கத் தெரியாத ஆராய்ச்சி மரபு ஒன்றும் நமக்கு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, பயிரிடுவது யார், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று அவர்கள் எழுதிவந்தவை 1918இல் நூலாயின. அதே ஊர்களில் சிலவற்றுக்கு 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் மறுபடி போனார்கள். 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போனது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டின் கதை 2008 வரை தொடர்ந்து பதிவாகியிருக்கிறது. ஒரே ஊரை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஆராய்ச்சி உலகத்திலேயே அரிது. அரசாங்கத்துக்கு இல்லாத தகவல் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

சரி, ‘சி2’வின் மேல் பாதி சேர்த்துக் கொடுத்துவிட்டால் குத்தகைக்காரரின் குறை தீருமா? இங்கே சங்கங்களோடு நாம் மாறுபடுகிறோம். 1817இலேயே டேவிட் ரிக்கார்டோ சொன்னது இது: வாரம் கொடுப்பதால் தானியத்தின் விலை ஏறுவதில்லை, தானியத்தின் விலை ஏறுவதால்தான் வாரம் ஏறுகிறது. நெல் விலை 3,135 ஆனால் அடுத்த பருவத்தில் நிலக்காரர் கேட்கும் குத்தகையும் கூடும். பணமாகக் குத்தகை வாங்கும் ஊர்களில் இது பளிச்சென்று தெரியும். நெல்லாக அளக்கும் ஊர்களில் மூட்டைக் கணக்கு மாறாவிட்டாலும் அந்த மூட்டைகளின் மதிப்பு கூடிவிடும். சொந்த நிலக்காரருக்கு முழுப் பலன், குத்தகைக்காரருக்கு இடையில் ஒரு பருவத்து மூச்சு. விலை உயர வேண்டும் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. உழுபவர் யாரென்று ஏட்டில் இல்லாதவரை அந்த உயர்வு வரப்புத் தாண்டி அவர் வீட்டுக்குப் போகாது என்கிறோம்.

நிலக்காரர்களின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் அவற்றின் காலத்தில் பெரிய காரியங்கள் செய்தன. ஆனால் பெயர் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பேச்சு அதன்பின் ஊர் ஊராகத் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. குத்தகைக்கு விடுபவர்களில் கணவரை இழந்த மூதாட்டியும் உண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவரும் உண்டு. எல்லோரும் பண்ணையார்கள் அல்லர்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆந்திரம் இருமுறை முயன்றது. 2011 சட்டம் நிலக்காரரின் ஒப்புதல் இல்லாமலே குத்தகைக்காரருக்குக் கடன் தகுதி அட்டை தர வழி செய்தது. 2019 சட்டம் பதினோரு மாதத்துக்கான சாகுபடியாளர் அட்டையைக் கொண்டுவந்தது. நில உரிமையை இது தொடாது என்று உறுதி கூறியது, ஆனால் நிலக்காரரின் கையெழுத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. கையெழுத்து கேட்கப் போனவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்றவர்களையும் வாரக்காரர்களையும் உதவிப் பட்டியலில் சேர்த்தது. தெலங்கானாவின் ரைத்து பந்து குத்தகைக்காரர்களை ஒதுக்கிவிட்டு நிலக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தது. பக்கத்து மாநிலங்கள் செய்து பார்த்ததிலிருந்து கற்றுக்கொள்ள நமக்குத் தனியாக ஒரு குழு வேண்டியதில்லை.

2019இன் உறுதிமொழியையும் 2011இன் துணிச்சலையும் சேர்த்துத் தமிழ்நாடு சிறிய சட்டம் ஒன்றை இயற்றலாம். ஒரே ஒரு பருவத்துக்குச் செல்லும் சாகுபடிச் சான்று. அதைக் காட்டி நிலத்தில் எந்த உரிமையும் கோர முடியாது. நிலக்காரரின் கையெழுத்து வேண்டாம், அக்கம்பக்கத்து வயல்காரர்களின் சாட்சி போதும். பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் நிலையத்துப் பதிவு, மாநில ஊக்கத்தொகை நான்கும் அந்தச் சான்றின் பெயருக்கே போகட்டும். அடையாள எண்ணிலும் அதற்கு இடம் வேண்டும். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமும் தன் பங்குக்குக் குத்தகைச் சாகுபடியின் செலவைத் தனி வரியாக வெளியிட வேண்டும்.

அடங்கல் என்பது ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. வயலுக்கே போய்ப் பயிரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்கப் போகும்போது அங்கே வரப்பில் நிற்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது.