உல்லாஸ்நகர் கடைகளும் உச்ச நேர மின்சாரமும்: பேட்டரிகளை எங்கே வைப்பது?

மும்பை: மும்பையில் 10 இடங்களில் மொத்தம் 100 மெகாவாட் திறன் கொண்ட பேட்டரி மின்சேமிப்பு அமைப்புகளை நிறுவ, டாடா பவர் நிறுவனத்துக்கு மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025-இல் ஒப்புதல் அளித்தது. 2020 அக்டோபர் 12 அன்று காலை மின்தொகுப்பு செயலிழந்து, புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றதை மாநகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நெருக்கடியில் இந்த பேட்டரிகள் கைகொடுக்கும். எனினும், அவற்றின் அன்றாடப் பணி வேறு. பகலில் மலிவாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைச் சேமித்து, தேவை உயரும் நேரத்தில் திருப்பித் தருவதே அது. எந்தக் கட்டடம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பது தெரியாமல் இப்பணியைத் திட்டமிட முடியாது.

மத்திய மின்சார ஆணையத்தின் தேசிய மின்சாரத் திட்டம், 2031-32-ஆம் ஆண்டுக்குள் நாட்டுக்கு 47,240 மெகாவாட் பேட்டரி சேமிப்புத் திறன் தேவைப்படும் என மதிப்பிட்டுள்ளது. இத்தனை பெரிய முதலீட்டின் செலவு கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து சேரும். எனவே, பேட்டரியைத் தவறான இடத்தில் வைப்பது வெறும் பொறியியல் பிழையாக நின்றுவிடாது.

தற்போதைய வகைப்பாடு இதற்கு உதவுவதாக இல்லை. மகாவிதரண் நிறுவனம் தாழ்வழுத்த வணிக நுகர்வோரை 20 கிலோவாட் வரை, 20 முதல் 50 வரை, 50-க்கு மேல் என மூன்றாகப் பிரிக்கிறது. இது இணைப்பின் அளவைச் சொல்கிறது. மின்சாரம் செலவாகும் நேரத்தைச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 200 யூனிட் செலவிடும் இரு நுகர்வோரை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பகலில் 10 மணி நேரம் சீராக 20 கிலோவாட் பயன்படுத்தும் அலுவலகம். மற்றொன்று, மாலை 5 முதல் இரவு 10 மணி வரை 30 கிலோவாட் இழுத்து 150 யூனிட்டையும், பகலில் எஞ்சிய 50 யூனிட்டையும் செலவிடும் ஜவுளிக்கடை. இரண்டும் ஒரே பிரிவில் வரக்கூடும். மாத யூனிட் கணக்கும் ஒன்றே. ஆனால், அலுவலகத்தின் தேவையில் பெரும்பகுதியைக் கூரையிலுள்ள சூரியத் தகடுகளே ஈடுசெய்யலாம். ஜவுளிக்கடைக்கோ பேட்டரி இல்லாமல் சூரிய மின்சாரத்தால் பெரும் பயன் இல்லை.

இந்த வேறுபாட்டைக் கண்டறியும் முறை புள்ளியியலில் நெடுங்காலமாக உள்ளது. ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைப் பதிவு செய்தால், ஒரு நாளுக்கு 96 எண்கள் கிடைக்கும். அவற்றை அந்நாளின் மொத்த நுகர்வால் வகுத்தால், அளவு மறைந்து வடிவம் மட்டும் எஞ்சும். ஒத்த வடிவங்களைக் கணினி ஒரே குழுவாகச் சேர்க்கிறது. பகலில் மேடாக எழும் அலுவலகங்கள், மாலையில் உயரும் கடைகள், காலையிலும் இரவிலும் இரு முறை உயரும் உணவகங்கள், இரவு பகலாக ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும் மருத்துவமனைகளும் தரவு மையங்களும் எனக் குழுக்கள் பிரியும். எத்தனை குழுக்கள் என்பதைத் திட்டமிடுபவரே முடிவு செய்ய வேண்டும். ஐம்பது குழுக்களாகப் பிரித்தால் படிக்க அழகாக இருக்கும், திட்டமிட உதவாது.

சிக்கல் தொடங்குவது உல்லாஸ்நகர் போன்ற ஊர்களில்தான். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்காக, கல்யாண் ராணுவ முகாமில் உருவான நகரம் இது. இன்றும் ஐந்து முகாம்களின் எண்களாலேயே பகுதிகள் அழைக்கப்படுகின்றன. ஜீன்ஸ் தைக்கும் கூடங்கள், மரச்சாமான் கடைகள், ஜவுளிச் சந்தைகள் ஆகியவை நெருக்கமாக அமைந்துள்ளன. கீழே கடை, மேலே தையற்கூடம், அதற்கும் மேலே குடியிருப்பு எனக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. ஒரு கட்டடத்துக்குள் பல மீட்டர்கள், பல கட்டணப் பிரிவுகள். ஆகவே, இங்கே மீட்டர் வேறு, கட்டடம் வேறு. மீட்டர்களை மட்டும் குழுவாக்கினால், பகலில் ஓடும் தையல் இயந்திரங்களும் இரவில் எரியும் கடை விளக்குகளும் ஒரே சுவருக்குள் ஒன்றையொன்று ஈடுசெய்வது தெரியாமல் போகும். ஒரே மின்மாற்றியின் கீழுள்ள மீட்டர்களைக் கூட்டிப் பார்த்த பிறகே, அங்கு பேட்டரி தேவையா என்று சொல்ல முடியும். ஒவ்வொரு கடையின் உச்சத்தையும் தனித்தனியே கூட்டினால் கிடைக்கும் தொகை, மின்மாற்றி காணும் உண்மையான உச்சத்தைவிட அதிகமாகவே இருக்கும். அந்த வேறுபாடு அவ்வளவும் தேவையற்ற பேட்டரிச் செலவு.

இன்னொரு பொறியும் உண்டு. மின்தடையின்போது மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். கடை அடைத்த நாளிலும் அதே பூஜ்ஜியம்தான். டீசல் ஜெனரேட்டர் ஓடிய நேரம் மின்நிறுவனத்தின் கணக்கிலேயே வராது. தடை அதிகமுள்ள பகுதி, தேவை குறைவான பகுதியாகத் தரவில் தோன்றும். பேட்டரி மிகவும் தேவைப்படும் தெருவே பட்டியலில் கடைசியில் நின்றுவிடக்கூடும்.

மும்பைக்குள் இந்தக் கலவை இடத்துக்கு இடம் மாறுகிறது. மாட்டுங்காவின் தென்னிந்திய உணவகங்கள் விடியற்காலையிலேயே கிரைண்டரையும் குளிர்பதனப் பெட்டிகளையும் நம்பி இயங்குபவை. தாராவியில் தோல், ஆடை, மறுசுழற்சித் தொழில்களில் பல, வீட்டோடு இணைந்தவை. அங்கு நடைபெறும் மறுசீரமைப்புத் திட்டத்தால் கட்டடங்களே மாறும்போது, இன்று எடுக்கும் அளவீடு சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். தாராவியும் மாட்டுங்காவும் பெஸ்ட் நிறுவனத்தின் எல்லை, செம்பூரில் அதானி எலெக்ட்ரிசிட்டியும் டாடா பவரும் விநியோகிக்கின்றன, உல்லாஸ்நகர் மகாவிதரணுடையது. தரவு இப்படி நான்கு நிறுவனங்களிடம் சிதறிக் கிடப்பதால், பெருநகரப் பகுதி முழுமைக்குமான வகைப்பாட்டை ஒழுங்குமுறை ஆணையம் முன்வந்து கேட்டாலொழிய எவரும் செய்யப்போவதில்லை.

வெளிநாட்டு முடிவுகளை அப்படியே எடுத்தாள்வதும் சரியாகாது. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'பில்டிங் டேட்டா ஜீனோம்' தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் 1,636 கட்டடங்களின் ஈராண்டு அளவீடுகள் உள்ளன. அவை வட அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்தவை. மே மாதப் புழுக்கமும், ஜூன் மழையும், தீபாவளிக்கு முந்தைய நள்ளிரவு வரை திறந்திருக்கும் சந்தையும் அவற்றில் இல்லை.

வணிகர்களுக்கு இது உடனடிக் கேள்வி. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதல் நேரம் சார்ந்த கட்டணம் பொருந்தும். சூரிய நேரங்களில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் வழக்கமான கட்டணத்தின் குறைந்தது 1.20 மடங்கு. பகலில் இயங்கும் அலுவலகம் பணியாளர் நேரத்தை மாற்றாமலே பயனடைகிறது. மாலையில்தான் வாடிக்கையாளர் வருவார் என்ற நிலையிலுள்ள கடைக்காரர், விளக்கை நண்பகலுக்கு மாற்றிவைக்க இயலாது. மின்மாற்றியின் அருகில் பொது பேட்டரி வந்தால், உச்ச நேரத்தில் வெளியிலிருந்து வாங்க வேண்டிய மின்சாரத்தின் அளவு குறையும். அந்தச் சேமிப்பு கட்டணத்தில் இறங்குமா என்பதை ஆணையத்தின் உத்தரவே தீர்மானிக்கும்.

இவை அனைத்துக்கும் அடிப்படையான ஸ்மார்ட் மீட்டரே மகாராஷ்டிரத்தில் சர்ச்சைக்குரியதாகிவிட்டது. கட்டணம் உயரும் என்ற அச்சத்தால் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, சாதாரண நுகர்வோருக்கு முன்கட்டண மீட்டர் பொருத்தப்படாது என்று மாநில அரசு 2024-இல் அறிவித்தது. கடை எப்போது திறக்கிறது, எப்போது வியாபாரம் சரிகிறது என்பதை 96 எண்கள் காட்டிக்கொடுக்கும் என்ற தயக்கமும் நியாயமானதே. மின்மாற்றி அளவில் கூட்டப்பட்ட தரவை மட்டும் வெளியிட்டால், தனிக்கடையின் விவரம் வெளியே தெரியாது. சேமிப்புத் திட்டத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளர் வாசலிலும் புதிய மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விநியோக மின்மாற்றிகளில் பொருத்தப்படும் மீட்டர்களிலிருந்தே தொடங்கலாம்.