தொரப்பள்ளியிலிருந்து வாஷிங்டனுக்கு

ஓசூர் சிப்காட்டின் ஷிப்ட் பஸ்களின் இரைச்சலை விட்டுச் சற்றே விலகி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைச் சீமையின் தொரப்பள்ளிக்குப் போகிறவர், 1878 டிசம்பர் 10இல் கிராம முன்சீப்பின் மகனாக ராஜாஜி பிறந்த வீட்டை இன்றும் நினைவில்லமாகக் காணலாம். அவருடைய அரசியலைப் பற்றி ஓயாமல் வாதாடும் நாம், அவர் மேற்கொண்ட ஒரே மேல்நாட்டுப் பிரயாணத்தை மட்டும் ஏனோ மறந்துவிட்டோம்.

அந்தப் பிரயாணத்துக்கு வித்திட்டது அணுகுண்டுப் பரிசோதனை. 1954 மார்ச் 1இல் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், யாரோடும் பகையில்லாத ஜப்பானிய மீனவர்களின் படகில் வந்து விழுந்தது. பரிசோதனைகளை உடனே நிறுத்தும்படி அடுத்த மாதமே நேரு வேண்டினார், வல்லரசுகள் செவிசாய்க்கவில்லை. காற்றில் கலந்த ஸ்ட்ரான்ஷியம் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தையின் எலும்பில் தங்குகிறது என்பது தெரிந்த பிறகும், பரிசோதனை என்பது அந்தந்த தேசத்தின் சொந்த விவகாரம் என்று எவரேனும் சொல்ல முடியுமா? குண்டு இல்லாத தேசத்துக்கும் இதில் பேசும் பாத்தியதை உண்டு என்பதே, என் அபிப்பிராயத்தில், சர்வதேச ஒத்துழைப்பின் அஸ்திவாரம்.

அந்தப் பாத்தியதையோடுதான், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, 83 வயதில் ராஜாஜி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். 1959இல் சுதந்திரக் கட்சியைத் தொடங்கி நேருவைக் கடுமையாக எதிர்த்து வந்தவர், இந்த விஷயத்தில் கட்சிப் பகையைக் கருதவே இல்லை. 1962 செப்டம்பர் 28இல் ஜனாதிபதி கென்னடியுடன் நடந்த சந்திப்பு, குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. எதிரி நிறுத்தட்டும் என்று காத்திராமல், வலியவனே முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். மூன்று வாரத்துக்குள் கியூபா நெருக்கடி மூண்டு உலகமே நடுங்கியபோது, அந்த வாதம் ஒரு கிழவரின் வெறும் கனவல்ல என்பது விளங்கியது.

1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் மூன்று வல்லரசுகள் ஒப்பந்தம் செய்து வளிமண்டலப் பரிசோதனைகளைக் கைவிட்டன. அதற்கு ராஜாஜியே காரணம் என்று சொல்வது மிகை. அவருக்குப் பங்கே இல்லை என்பதோ அநியாயம். பூமிக்கடியில் வெடிப்பதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை. அதையும் சேர்த்துத் தடுக்க 1996இல் ஐ.நா.வில் உருவான ஒப்பந்தம் இன்னும் அமலுக்கு வரவில்லை. ராஜாஜியின் தேசமான இந்தியாவும் அதில் கையொப்பமிடவில்லை.