முகத்தைக் காட்டிய பிறகும் தெரியவில்லையா?

(எச்சரிக்கை: ஒரு முடிச்சு அவிழ்க்கப்படுகிறது. கொலையாளியின் பெயர் மட்டும் இல்லை.)

"ஸ்டைல் மட்டும்தான், சரக்கு இல்லை." இத்தாலியக் கொலை மர்மப் படங்கள் என்று பேச்செடுத்தாலே யாராவது இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். கறுப்புக் கையுறை, கத்தி, வாளி வாளியாகச் சிவப்புச் சாயம், காதைப் பிளக்கும் இசை. அவ்வளவுதானாம்! மோண்டடோரி பதிப்பகம் 1929-ல் தொடங்கிய மஞ்சள் அட்டைத் துப்பறியும் நாவல்களால் 'ஜல்லோ' (மஞ்சள்) என்று பெயர் வாங்கிய வகை இது. மலிவுச் சரக்கு என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

சொல்பவர்கள் டாரியோ அர்ஜெண்டோவின் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ'வை (1975) ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கட்டும். டேவிட் ஹெம்மிங்ஸ் ஒரு பியானோக்காரர். இரவில் வெறிச்சோடிய சதுக்கத்தில் நிற்கும்போது மேலே ஜன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்க்கிறார். மாடிக்கு ஓடுகிறார். விகாரமான முகங்கள் வரைந்த ஓவியங்கள் தொங்கும் நடைவழியைக் கடக்கிறார். பிறகு, அங்கிருந்த ஓவியம் ஒன்றைக் காணோமே என்று படம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

அது ஓவியமே இல்லை, கண்ணாடி. அதில் தெரிந்தது கொலையாளியின் முகம். அர்ஜெண்டோ அதை ஒளிக்கவே இல்லை. அந்த நடைவழிக் காட்சியிலேயே நம் கண்முன் காட்டிவிடுகிறார். சுவர் முழுக்க முகங்களாக அடுக்கியதால் நிஜ முகமும் அலங்காரமாகிவிடுகிறது. இதில் ஸ்டைலைக் கழித்துவிட்டால் எந்தக் கதை மிஞ்சும்? (1966-ல் அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்'பில் போட்டோவுக்குள் கொலையைத் தேடியவரும் இதே ஹெம்மிங்ஸ்தான். சும்மாவா கூப்பிட்டிருப்பார்கள்?)

கொலைக்கு முன் ஒலிக்கும் குழந்தைப் பாட்டும் அப்படித்தான். பயமுறுத்துவதற்கான ஓசை போலத் தோன்றும். உண்மையில் அது பழைய கொலை ஒன்றின் துப்பு.

ஓட்டைகள் இல்லையா என்றால், உண்டு. சிரித்துக்கொண்டே அறைக்குள் நடந்து வரும் அந்த இயந்திரப் பொம்மைக்கு எந்தத் தர்க்கமும் கிடையாது. ஆனால் சரக்கைத் தேடியவர்கள் செய்த வேலை இதைவிட மோசம். வெளிநாட்டுப் பதிப்பில் சுமார் 20 நிமிடம் வெட்டினார்கள். ஹெம்மிங்ஸுக்கும் நிருபராக வரும் டாரியா நிகோலோடிக்கும் இடையிலான கேலி கிண்டல் நிறையவே அதில் போயிற்று. பெண்கள் பலவீனமானவர்கள் என்று ஜம்பம் பேசி, பஞ்சா போட்டுத் தோற்கிறாரே ஒரு ஆண், அந்த நகைச்சுவை வெறும் நிரப்பலா என்று கடைசிக் காட்சிவரை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.