சாணத்தில் முளைக்கும் பொற்குடை

இடவப்பாதி மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால், திருவனந்தபுரத்தின் புறநகர்த் தோட்டங்களில் காளான் தலைகாட்டும். புற்றருகே முளைப்பதை நம்மவர் புற்றுக்காளான் என்பர். அரிசி இறைத்தாற்போல் வெண்மையாய்ப் பரவுவதை இவ்வூரார் அரிக்கூண் என்பர். இரண்டும் கறிக்கு உரியவை. ஆனால் அதே மேய்ச்சல் நிலத்தில், மட்கிய சாணத்தின்மேல் நிற்கும் பொன்னிறக் குடையை நம் பாட்டிமார் ஏறெடுத்தும் பாரார். அந்தக் குடையைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

எழுத வேண்டிய காரணமும் உண்டு. விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லும் இளைஞர் சிலர், ஆங்குப் போதைக் காளான் என்ற பெயரில் மறைவாக விற்கப்படுவதை வாங்கிப் பிடிபடும் செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். பெற்றோர் பலர் இதனை எங்கோ அயல்நாட்டிலிருந்து கடத்தி வருவதாக எண்ணுகின்றனர். அவ்வாறன்று, நம் ஊர் மாடு மேயும் இடத்திலும் முளைக்கக் கூடியதே அது.

இதன் அறிவியற் பெயர் சைலோசைபீ கூபென்சிஸ். 1906இல் ஏர்ல் என்னும் அமெரிக்க அறிஞர் கியூபாத் தீவிற் கிடைத்ததைக் கொண்டு அத்தீவின் பெயரையே இதற்கு இட்டார். மறு ஆண்டே பத்தூயார் என்ற பிரெஞ்சு அறிஞர், இந்தோசீனத்தின் தொங்கிங் பகுதியிலிருந்து வந்ததற்கு வேறொரு பெயர் சூட்டினார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொலம்பசுக்கு முன் அமெரிக்காவில் பசு கிடையாது. ஸ்பானியர் கப்பலேற்றிச் சென்ற மாடுகளோடு இக்காளானும் அங்குச் சென்றது என்பது பலர் கருத்து. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இதன் நெருங்கிய உறவினம் ஒன்று அண்மையிற் கண்டறியப்பட்டதும் அதற்குத் துணைசெய்கிறது. எனவே, கியூபாவின் பெயரைத் தாங்கிய இதுவும் மந்தையோடு புறப்பட்டுப் போன ஒரு குடியேறியே போலும். பிறந்த ஊர் ஒன்று, பெயர் பெற்ற ஊர் வேறொன்று என்பது நம் வாசகர்க்குப் புதிதன்று.

கேரளத்தில் இக்குடும்பத்துக் காளான்களை, கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ், மணிமோகன் ஆகியோர் மெக்சிக்கோ நாட்டுக் குஸ்மானுடன் கூடி ஆராய்ந்து, 2002இல் வெளியிட்டனர். கேரளென்சிஸ், வயநாடென்சிஸ் என்னும் இரு புதிய இனங்கள் அப்போது பெயர் பெற்றன. வணிகரோ ஒரிசா, கம்போடியா என ஊர்ப்பெயர்களை ஒட்டி, ஒவ்வொன்றும் தனிச் சிறப்புடையதென்று விலை கூறுகின்றனர். அவை யாவும் பெரும்பாலும் ஒரே கூபென்சிஸின் வளர்ப்பு வகைகளே. மாம்பழத்தில் மல்கோவாவும் பங்கனபள்ளியும் போல என்று கொள்ளவும் வழியில்லை. ஒரே இடத்தில் முளைத்த இரு காளான்களிலேயே வேதிப்பொருளின் அளவு ஒன்றுபோல் இராது.

அப்பொருள் சைலோசைபின். 1958இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதனைப் பிரித்தெடுத்தார். உடலுட் சென்றதும் அது சைலோசின் ஆக மாறி மூளையைத் தாக்குகிறது. அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் தொடங்கி நான்கு, ஆறு மணி நேரம் வரை நிறமும் ஒலியும் காலமும் திரிந்து தோன்றும். சிலர்க்கு அது பேரச்சமாகவும் முடியும். காளானைக் கசக்கினால் நீலம் பாய்வதும் சைலோசின் காற்றுப் பட்டு மாறுவதாலேயே. மெக்சிக்கோவின் மசாத்தெக் மக்கள் இத்தகைய காளான்களை நோய் தீர்க்கும் இரவுப் பூசைக்கே வைத்திருந்தனர். 1955இல் மரியா சபீனா என்னும் மூதாட்டியின் பூசையில் அமர்ந்த வாசன் என்ற அமெரிக்க வங்கி அலுவலர், 1957இல் ‘லைஃப்’ இதழில் அதனை எழுதினார். அதன்பின் அயலார் அக்கிராமத்தை மொய்த்தனர். ஊராரின் சினத்திற்கு ஆளான அம்மூதாட்டியின் வீடு தீக்கிரையாயிற்று. இன்று மருத்துவர்கள் இப்பொருளைக் கடும் மனச்சோர்வுக்கு ஆராய்கின்றனர். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், தகுதிபெற்ற மனநல மருத்துவர் கையில் மட்டும் இதனை ஒப்படைத்திருக்கிறது.

இனிச் சட்டம். 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் வயநாட்டு வழக்கொன்றில் பிணை வழங்கியபோது, காளான் இயற்கையாய் முளைப்பது, அதனைக் கலவை எனக் கொள்ளலாகாது, உள்ளிருக்கும் சைலோசைபினின் அளவே பார்க்கத்தக்கது என்று கூறிற்று. ‘காளானுக்குத் தடையில்லை’ என இளைஞர் சிலர் இதனைத் திரித்துக்கொண்டனர். நீதிமன்றம் அவ்வாறு சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலோசைபின் இன்றும் தடைசெய்யப்பட்ட பொருளே. 2 கிராம் வரை சிறிய அளவு. அதற்கே ஓராண்டுச் சிறை வரக்கூடும். 50 கிராமைக் கடந்தாலோ பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை.

சிறையினும் நமக்கு அச்சம் தருவது வேறு. பழுப்பு நிறச் சிறு காளான்களுட் சில ஈரலை அழிக்கும் நஞ்சுடையவை. சமைத்தாலும் அந்நஞ்சு போகாது. பொற்குடையென எண்ணி அவற்றைத் தின்றோரும் உண்டு. உணவென எண்ணித் தின்றோர் அதனினும் மிகுதி. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தார். இந்நஞ்சின் கொடுமை அதன் பொறுமையிலே இருக்கிறது. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். மறுநாள் நலமானதுபோல் தோன்றும். மூன்றாம் நாள் ஈரல் கெட்டது தெரியும். ஆகையால் காளான் உண்டபின் வாந்தி கண்டால், தணிந்துவிட்டதென்று வீட்டில் இருத்தாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எஞ்சிய காளானில் ஒரு துண்டைத் தாளிற் சுற்றி உடன் எடுத்துச் செல்க.