பதக்கமும் கொட்டாங்குச்சியும்

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் வங்கியில் ஓய்வூதியக்காரர்கள் கூட்டம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் சான்று தர வேண்டும். பர்கூருக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். 1971 போரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் காலாட்படைச் சிப்பாய். மஞ்சப்பைக்குள் தகர டப்பா, அதற்குள் பூர்வி ஸ்டார் பதக்கம். போன வருஷம் மிஷினில் கைரேகை விழாமல் காத்திருந்தபோது சொன்னார்:

"பங்கருல எல்லாரும் ஒரே தட்டுல தின்னோம் தம்பி. லீவுல ஊருக்கு வந்தேன். டீக்கடையில கொட்டாங்குச்சியில ஊத்துனான். மெடல் குத்தியிருந்தேன். அதையும் பாத்துட்டுத்தான் ஊத்துனான்."

டீக்கடைக்காரன் மட்டுமா? சர்க்காரும் பார்த்துவிட்டுத்தான் ஊற்றியது.

1818 ஜனவரி 1. கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். அங்குள்ள நினைவுத்தூணில் செத்தவர்கள் பெயர் 49. அதில் 22 பேர் மகர்கள். பழைய மெட்ராஸ் பட்டாளத்திலும் பறையர்கள் நிறையவே இருந்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் 'வீர இனம்' என்றொரு கணக்குப் போட்டான். 1890களில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. 1917-ல் உலகப் போருக்கு ஆள் போதவில்லை, 111-வது மகர் பட்டாளம் வந்தது. 1921-ல் கலைத்தார்கள். 1941-ல் மறுபடி போர், மறுபடி மகர் ரெஜிமென்ட். 1943-ல் எழுப்பிய சமார் ரெஜிமென்ட் கோஹிமாவில் ஜப்பானியரோடு மோதியது. போர் முடிந்தது, 1946-ல் அதையும் கலைத்தார்கள். சண்டை வந்தால் நம் உடம்பில் வீரம் இருக்கும். சண்டை முடிந்தால் தீட்டு இருக்கும்.

வெள்ளைக்காரன் போனபின்? 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ்காரர் வீர் சிங், நட் என்ற தலித் சாதிக்காரர். உ.பி.யின் ஃபிரோசாபாத் மாவட்டத்தில் அவர் சொந்த ஊர். உடலை எரிக்கப் பொது நிலம் தர முடியாது என்று ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகுதான் இடம் கிடைத்தது. தேசத்துக்காகச் செத்தவனுக்கு தேசத்தில் சாம்பலாகவும் பேரம்.

அப்படியானால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு? சுபேதார் ராம்ஜியின் மகன் அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரியில் கோரேகான் தூணின் முன் போய் நின்றார். அதோடு திரும்பிவிடவில்லை. அதே மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தூணிலிருந்து குளத்துக்கு நடந்த அந்த மூன்று மாத வழிதான் நம் வழி. எல்லையில் காட்டிய துணிச்சலை ஊர்க்குளத்தில், ஊர்ச்சுடுகாட்டில், டீக்கடை பெஞ்சில் காட்டாதவரை பதக்கம் தகர டப்பாவில்தான் கிடக்கும்.

"இப்ப அந்தக் கடையில எப்படி தாத்தா?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லாருக்கும் பேப்பர் கப்பு தம்பி. பெஞ்சு மட்டும் இன்னும் அவங்களுக்குத்தான்."

மாணவத் தோழர்களே, உங்கள் சேரியிலும் இப்படியொரு சிப்பாய் இருப்பார். அவர் கதையைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுதி முடித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த பெஞ்சில் உட்காருங்கள்.