மங்கு என்றால் மருந்துக்கடைதானா?

முகத்தில் மங்கு விழுந்தால் நம் பெண்கள் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, தெருமுனை மருந்துக்கடைக்குத்தான். "அண்ணா, மங்குக்கு ஒரு டியூப் குடுங்க" என்றால் போதும், சீட்டு எங்கே என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள்.

இப்படிக் கொடுக்கும் டியூப்கள் பலவற்றில் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்திருக்கும். தோல் டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும், ராத்திரியில் மட்டும் போடச் சொல்லும் மருந்து அது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. போட்ட கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆவதால், பலர் பவுடர் மாதிரி வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் இரண்டு வருஷம் போட்டார். இப்போது தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரிகிறது. பருவும் ரோமமும் வேறு. நிறுத்தினால் ஒரே எரிச்சல். மங்கும் முன்னைவிடக் கருப்பு!

ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018லேயே உத்தரவு போட்டுவிட்டது. பிறகு ஏன் கிடைக்கிறது? மங்கை யாரும் நோயாக நினைப்பதில்லை, அதுதான் காரணம். ஜுரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வீட்டுக்காரர், மங்கு என்றால் "அழகுக்கு ஒரு செலவா?" என்கிறார். கடைக்காரரும் சோப்பு, சீப்பு போலத்தான் விற்கிறார். சோதனை போட வேண்டியவர்களும் பெரிசாக எடுத்துக் கொள்வதில்லை.

இதைவிட மோசம், பெயர் தெரியாத கம்பெனிகளின் சிவப்பழகு கிரீம்கள். 2023ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது. கிரீமில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மங்கு அழுக்கல்ல, தேய்த்து எடுப்பதற்கு. எலுமிச்சம்பழத்தை அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கருக்கும். வெயில், கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை, இவைதான் முக்கியக் காரணங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே மங்கும். மற்றவர்களுக்கும் வெயிலைத் தடுப்பதே பாதி வைத்தியம். குடை பிடியுங்கள், முந்தானையால் முகத்தை மறையுங்கள். முடிந்தால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை மழைநாளிலும் போடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது, காசு கேட்பதில்லை. ஒருநாள் வேலை கெட்டாலும் பரவாயில்லை, போய்க் காட்டுங்கள். ஏற்கெனவே டியூப் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். டியூப்பின் மேல் 'ஆர்.எக்ஸ்.' என்று போட்டிருந்தால், சீட்டில்லாமல் கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் இருமல் மருந்தைச் சோதிக்கிற மாதிரி இதையும் சோதிக்க வேண்டும். முகமும் உடம்பில் ஒரு பாகம்தானே, தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.