கர்த்தர் மறவாத கையெழுத்து



கிபியோனியர் தந்திரத்தினால் இஸ்ரவேலிடம் உடன்படிக்கை பெற்றதை யோசுவா 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தலைமுறைகள் கடந்தபின் சவுல் அதை மீறினான். அதினிமித்தம் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று (2 சாமுவேல் 21). ஏமாற்றிப் பெற்ற உடன்படிக்கையை மீறியதற்கே தேவன் கணக்குக் கேட்டாரென்றால், தாமே எழுதி முத்திரையிட்டதை மீறின அரசுக்கு என்ன போக்குச் சொல்வது?

அமெரிக்காவின் யூட் மக்களைக் குறித்துச் சிந்தியுங்கள். 1868-ல் அமெரிக்க அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்தது. கொலராடோவின் மேற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் அவர்களுடையது. அந்நியர் அங்கே குடியேறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தது. ஆனால் சான் வான் மலைகளில் பொன்னும் வெள்ளியும் அகப்பட்டன. சுரங்கக்காரரைத் தடுக்கவேண்டிய அரசு, 1873-ல் அம்மலைகளையே விட்டுக்கொடுக்கும்படி யூட் மக்களிடம் கேட்டு வாங்கியது.

1879-ல் ஒயிட் ரிவர் பிரிவினர் சிலர் அரசு முகவர் மீக்கரையும் அவருடைய ஆட்களையும் கொன்றார்கள். அந்த இரத்தப்பழியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அதில் பங்கில்லாத அன்கம்பாக்ரே பிரிவினரும் 1881-ல் இராணுவத்தைக் கொண்டு யூட்டாவுக்குத் துரத்தப்பட்டார்களே! அவர்களுடைய தலைவர் ஊரே சண்டையை நிறுத்தவும் சிறைப்பட்டவர்களை விடுவிக்கவும் பாடுபட்டவர் அல்லவா?

அங்கேயும் கதை முடியவில்லை. 15,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்குரிய தண்ணீரைப் பயன்படுத்தாமல் பொறுத்திருந்தால், அதற்கு ஈடாக நீர்த்திட்டங்கள் அமைத்துத் தருவதாக 1965-ல் மீண்டும் ஒரு வாக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் பொறுத்தார்கள். வாக்களித்த பெரிய நீர்த்தேக்கங்களோ எழும்பவில்லை.

"நஷ்டஈடு கொடுத்தாயிற்றே" என்பார்கள் சிலர். ஆம், 1950-ல் நீதிமன்றம் 3 கோடி டாலருக்கும் மேல் வழங்கத் தீர்த்தது. ஆகாபும் நாபோத்துக்கு விலை கொடுக்க முன்வந்தவனே. பிதாக்களின் சுதந்தரத்துக்குப் பணம் ஈடாகாது என்பதை நாபோத் அறிந்திருந்தான்.

"கானானைப் போல அத்தேசத்தையும் தேவனே கொடுத்தார்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. யோசுவாவின் புஸ்தகத்தை எடுத்துப் பேசுகிறவர்கள் அதன் 9-ஆம் அதிகாரத்தை மட்டும் கடந்துபோவதேன்? ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை மீறத் துணியாத யோசுவாவும் அதே புஸ்தகத்தில்தானே இருக்கிறான்!

பிரியமானவர்களே, பலவானுக்குக் கொடுத்த வாக்கை எவனும் காப்பான். காவாவிட்டால் அவன் விடமாட்டான். கேட்க வலிமையில்லாதவனுக்குக் கொடுத்த வாக்கிலேதான் நம் தேவபக்தி சோதிக்கப்படுகிறது. உங்கள் வீட்டு வேலையாளுக்கும், நிலத்தில் உழைக்கிறவனுக்கும், கூடப்பிறந்த சகோதரிக்கும் நீங்கள் சொன்ன வார்த்தை இன்று எந்த நிலையில் இருக்கிறது? அவர்கள் மௌனமாயிருக்கலாம். கிபியோனியரும் வெகுகாலம் மௌனமாயிருந்தார்கள். கர்த்தரோ மறக்கவில்லை. ஆமென்.